கன்னி வேட்டை

சிறு பிள்ளைக்கு வேட்டை கற்பிக்கலாமோ என்று வினவின், நம்மவருட் பலர் வினவியவனையே ஐயக்கண் கொண்டு நோக்குவர். எம் ஊராகிய காஞ்சியிற் பிள்ளைகள் அறிந்த வேட்டை ஒன்றே. தைப்பொங்கலை ஒட்டி வரதராசப் பெருமாள் பழைய சீவரத்துக்குப் பார்வேட்டைக்கு எழுந்தருளுவர். சிறார் கூட்டத்தோடு சென்று, கரும்பும் ஊதலும் வாங்கி மீள்வர். மான் ஒன்றும் மடிவதில்லை. வேட்டை என்னுஞ் சொல் அவர்தஞ் செவிக்கு ஒரு திருவிழாவின் பெயராகவே நின்றுவிட்டது.

ஆயினும், சிறுவனுக்கு வேட்டை கற்பித்த முறையைப் படிப்படியாக விரித்துக் கூறும் நூல் நம் மொழியில் உண்டு. அதனை இயற்றியவரும் இத்தொண்டை நாட்டவரே. குன்றத்தூரிற் பிறந்த சேக்கிழார் 12-ஆம் நூற்றாண்டில் அருளிய பெரியபுராணமே அது. கண்ணப்பர் என்றவுடன் கண்ணை இடந்து அப்பிய செயலே யாவர் நினைவிற்கும் வரும். தேர்வில் வினவப்படுவதும் பெரும்பாலும் அதுவே. யான் ஈண்டுக் கூறப் புகுவது அதற்கு முற்பட்ட பகுதி. அதனை விரைந்து புரட்டிச் செல்வோரே மிகுதி.

பொத்தப்பி நாட்டு உடுப்பூரில் வேடர் தலைவனாகிய நாகனுக்குத் திண்ணன் மகனாய்ப் பிறந்தான். இளம் பருவத்தில் அவன் செய்த விளையாட்டு யாது? முயலின் குட்டி, பன்றியின் குட்டி, புலியின் குருளை, செந்நாய்க் குட்டி ஆகியவற்றை ஓடிப் பிடித்துக்கொணர்ந்து முற்றத்திற் கட்டி வளர்த்தான். (கட்டுண்ட குட்டிகட்கு அது விளையாட்டாய் இருந்திராது என்பது வேறு.) பின்னர், உரிய பருவத்தில், ஊரார் விழவெடுக்க, வில்லைக் கையிற் கொடுத்தனர். அதன் பின்னும் ஆண்டுகள் சென்றன. பதினாறாண்டு நிரம்பியபோது தந்தை முதுமையுற்றான். விலங்குகள் பெருகித் தினைப்புனங்களை அழித்தன. வேடர் வந்து முறையிட்டனர். அப்பொழுதே மகன் முதன்முதல் வேட்டைக்கு விடுக்கப்பட்டான். கன்னி வேட்டை என்பது அதன் பெயர்.

இவ்வரிசையை நோக்குமின். விலங்கோடு பழகுதல் முதற்பாடம்; படைக்கலம் இரண்டாவது; கொலை மூன்றாவது, அதுவும் ஊருக்கு ஒரு தேவை நேர்ந்தபோது. நம் நாளிற் கடையில் வாங்கிய உண்டிவில்லைப் பத்து வயதுப் பையனிடம் கொடுத்து, மறுநாள் அணிலொன்று அடிபட்டு வீழ, சிரித்துக்கொண்டு நிற்கும் தந்தையர் இவ்வரிசையைத் தலைகீழாக்கியவர் ஆவர்.

வேட்டை நிகழும் இடத்திற் புலவர் மற்றொன்று கூறுகின்றார். யானைக் கன்றுகளை அவ்வேடர் தொடர்ந்திலர். சிறு குருளைகளைக் கொன்றிலர். கருவுற்றுத் தளர்நடை நடந்த பிணைமான்களை வருத்தினாரல்லர். கொலைத்தொழிலர் என்று அவரைக் கூசாது கூறும் அப்புலவரே, அவர் எவ்வெவற்றைக் கொல்லாது விடுத்தனர் என்பதையும் எண்ணிச் சொல்லுகின்றார். தாய்மானை அறிந்து விடுக்கவேண்டின், மறைந்திருந்து நெடுநேரம் நோக்கவேண்டும். நடையைக் கொண்டு சூலை அறியவேண்டும். நாணேற்றிய அம்பை மீட்கும் உறுதியும் வேண்டும். எய்யக் கற்பித்தல் எளிது. எய்யாது நிற்கக் கற்பித்தற்கு ஆண்டுகள் வேண்டும்.

இவ்வரம்பு வேடர்க்கே உரியதன்று. வழியருகே பறவைக்கூடு ஒன்றைக் கண்டால் தாயைப் போகவிட வேண்டும் என்று மோசே இசரவேலர்க்கு விதித்தார். உபாகமம் 22-ஆம் அதிகாரத்துட் காண்க. ஆண்டுக் குஞ்சுகளை எடுத்துக்கொள்ள இசைவுண்டு. குட்டியையும் விடுத்த உடுப்பூர் வேடர் இதனினும் ஒருபடி மேற்சென்றனர் என்று யான் சொல்லின், எம் போதகர் சினவார் என்றே நம்புகின்றேன். செருமனி நாட்டில் இன்றும் இளைஞர்க்குரிய வேட்டை உரிமம் பதினாறாம் வயதிற்றான், அதுவும் தேர்விற் கடைத்தேறிய பின்னரே, கிடைக்கின்றது. குட்டிகளை வளர்க்குங் காலத்துத் தாய்விலங்கைச் சுடலாகாது என்பது அந்நாட்டுச் சட்டம். திண்ணனின் வயதும் திண்ணனின் வரம்பும் எங்கோ ஐரோப்பாவில் ஏட்டில் எழுதப்பட்டிருத்தல் வியப்பே.

நம் நாட்டிலோ 1972-ஆம் ஆண்டில் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தோன்றியது. 1991-ஆம் ஆண்டுத் திருத்தத்தால், உரிமம் பெற்று வேட்டையாடும் வழியும் அடைபட்டது. அது தக்கதே. காடு சுருங்கிவிட்டது; வில்லின் இடத்தைத் துப்பாக்கியும் இரவு விளக்கும் பற்றிக்கொண்டன. மான் வேட்டை மீளவேண்டும் என்று யான் கேட்கவில்லை. வேட்டையோடு அதன் பாடமும் போய்விட்டதே என்பதே என் குறை. கொல்வதை விடுத்தோம் என்று எண்ணிக்கொண்டோம். கொலையைக் காணாமல் இருக்க மட்டுமே கற்றோம். ஞாயிறுதோறும் நம் பிள்ளையின் இலையில் இறைச்சி விழுகின்றது. அது ஆடா, குட்டியா, சினையா என்று அப்பிள்ளை வினவுவதில்லை. வினவினாலும், “பேசாமல் உண்” என்பதே விடை.

கொல்லாமையை மட்டும் கற்பித்தாற் போதாதோ, வேடன் பாடம் எற்றுக்கு என்று கேட்பார் உளர். புலாலை உண்மையாகவே துறந்தார்க்கு யான் விடை கூற வல்லேனல்லேன், அவரை வணங்குகின்றேன். ஆனால் அவர் வழியும் அருகிருந்து காண்டலையே வேண்டி நிற்கின்றது. வேடந்தாங்கலைப் பாருங்கள். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வெள்ளைச் சிப்பாய்கள் அவ்வேரிப் பறவைகளைச் சுட்டபோது, ஊரார் செங்கற்பட்டுக் கலெக்டரிடம் முறையிட்டுப் பாதுகாப்புப் பெற்றனர். பறவைகளின் எச்சம் ஏரிநீரிற் கலந்து தம் கழனிக்கு உரமாவதை அவர் கண்கூடாக அறிந்திருந்தனர். அவ்வூர்ச் சிறாரைத் தீபாவளியன்று வெடி கொளுத்தாது இருக்கச் செய்வது, சுவரில் எழுதிய வாசகமன்று. தலைக்குமேற் கூடுகட்டி வாழும் பறவையே.

எம் நகரின் பட்டுக்கு வருவேன். தறியில் ஏறும் நூல் பெரும்பாலும் கருநாடகத்தினின்று வருவது. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள் வேண்டும். உள்ளிருக்கும் புழு வெளிவரின் இழை அறுந்துபோம் ஆதலின், ஆவியாலோ வெப்பத்தாலோ அதனைக் கொன்ற பின்னரே இழை எடுப்பர். காஞ்சி மடத்துச் சந்திரசேகரேந்திர சரசுவதி சுவாமிகள் பட்டைத் துறக்குமாறு மகளிர்க்கு உரைத்ததும் இது கருதியே. தறியின் அருகே தவழ்ந்து வளர்ந்த பிள்ளைகளுட் பலர் ஒரு கூட்டைக் கையிலேந்திப் பார்த்தவரல்லர். சரிகையின் தரத்தை உரசிச் சொல்லும் சிறுவன், நூலின் பிறப்பை அறியான்!

ஆகவே, பெற்றோர்க்கும், நாளை ஆசிரியராகப் போகும் நம் மாணவர்க்கும் யான் கூறுவது சிறிது. முதலில் ஓர் ஆட்டுக்குட்டியையோ கோழியையோ பிள்ளை வளர்க்கட்டும். உண்டிவில் வேண்டினால், மண்கலத்தை எய்யட்டும்; கூடுகட்டுங் காலத்தில் அதுவும் வேண்டா. பத்து, பன்னிரண்டு வயதானபின், இறைச்சி எவ்வாறு வந்தது, பட்டு எவ்வாறு வந்தது என்று ஒளியாது சொல்லுங்கள். பட்டுக்கூட்டைக் கையிற் கொடுத்து, செவியருகே அசைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். உள்ளே உலர்ந்த புழு உருளும் ஓசை கேட்கும். அதனைக் கேட்டபின் அப்பிள்ளை திருமணத்திற்குப் பட்டு வேண்டா என்றும் சொல்லக்கூடும். நெசவாளர் இல்லத்தில் அச்சொல் எத்துணைக் கடுமையாய் ஒலிக்கும் என்பதை யான் அறிவேன். ஆயினும் அதனை அதட்டி அடக்காது, நூற்சேலை ஒன்றை வாங்கிக் கொடுங்கள்.