கணினி விளையாட்டும் கரும்பலகையும்

"விளையாடியது போதும், போய்ப் படி!" என்ற சொல்லைக் கேட்காத மாணவி நம் பள்ளியில் ஒருத்தியும் இருக்க மாட்டாள். விளையாட்டு ஒரு கரை, படிப்பு மறு கரை என்றே பெரியோர் எண்ணி வந்துள்ளனர். கணினியும் கைப்பேசியும் வந்த பிறகு இந்த எண்ணம் இன்னும் வலுப்பெற்றுவிட்டது. ஆயினும், நல்ல கணினி விளையாட்டைப் பாடவேளைக்குள்ளேயே கொண்டு வரலாம், கொண்டு வரவும் வேண்டும் என்பதே மாணவியராகிய எங்கள் கருத்து. அதற்கான காரணங்களை அருட்சகோதரிகள், ஆசிரியர்கள், பெற்றோர் முன் பணிவுடன் வைக்கிறோம்.

இது நேற்று முளைத்த எண்ணம் அன்று. 1971-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் மின்னியாபொலிஸ் நகரில் டான் ராவிட்ஷ், பில் ஹைன்மன், பால் டில்லன்பெர்கர் என்னும் ஆசிரியப் பயிற்சி மாணவர் மூவர், எட்டாம் வகுப்பு வரலாற்றுப் பாடத்திற்காக ஒரு கணினி விளையாட்டை உருவாக்கினர். அதன் பெயர் 'ஆரிகன் டிரெயில்'. 19-ஆம் நூற்றாண்டில் மாட்டு வண்டிகளில் மேற்கு நோக்கிச் சென்ற மக்களின் பயணமே அதன் கதை. சுமார் 2,000 மைல் தொலைவு! உணவுக்கு எவ்வளவு செலவிடுவது, மாடுகளுக்கு எவ்வளவு, நோய் வந்தால் என்ன செய்வது என்றெல்லாம் மாணவரே முடிவு செய்ய வேண்டும். அப்போது அவர்களுக்கு வண்ணத் திரைகூட இல்லை. தட்டச்சுப் பொறி போன்ற ஒரு கருவி, விளையாட்டைத் தாளில் எழுத்தாக அச்சிட்டுக் காட்டியது. பளபளக்கும் படம் இல்லாமலேயே அந்த விளையாட்டு மாணவரை ஈர்த்தது என்றால், அவர்களை ஈர்த்தது எது? 'அடுத்து என்ன செய்வது என்று நீயே முடிவு செய்' என்ற பொறுப்புத்தான் என்று நாங்கள் நினைக்கிறோம்.

வகுப்பில் எங்களுக்கு அரிதாகக் கிடைப்பதும் அதுவே. தேர்வில் தவறு செய்தால் மதிப்பெண் போகும். கரும்பலகையில் தவறு செய்தால் தோழியர் சிரிப்பர். ஆகவே விடை தெரிந்தவள் மட்டும் கையை உயர்த்துகிறாள். மற்றவள் குனிந்து கொள்கிறாள். கணினியோ சிரிப்பதில்லை. "மறுபடியும் செய்து பார்" என்று மட்டுமே அது சொல்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு கூறுவோம். 2001-ஆம் ஆண்டில் இயற்பியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன், 2002-இல் கொலராடோ பல்கலைக்கழகத்தில் 'பெட்' என்னும் திட்டத்தைத் தொடங்கினார். அதன் கணினிப் பயிற்சிகளைச் சோதனை என்றும் சொல்லலாம், விளையாட்டு என்றும் சொல்லலாம். மின்கலம், கம்பி, விளக்கு, மின்தடை ஆகியவற்றைத் திரையில் நம் விருப்பம் போல் இணைக்கலாம். தவறாக இணைத்து மின்னோட்டம் எல்லை மீறினால் திரையில் தீப்பற்றி எரியும்! உண்மையான ஆய்வகத்தில் இப்படிச் செய்து பார்க்க எந்த ஆசிரியர் அனுமதிப்பார்? ஓம் விதியை எழுதி மனப்பாடம் செய்வது ஒன்று. மின்தடையைக் குறைத்ததும் மின்னோட்டம் கூடுவதைக் கண்ணால் காண்பது வேறொன்று. இவற்றுக்குக் கட்டணமும் இல்லை. பதிவிறக்கி வைத்துக்கொண்டால் இணையம் இல்லாமலும் இயங்கும்.

பெற்றோரின் அச்சம் நியாயமானதே. இரவெல்லாம் திரையைப் பார்த்துக் கண்ணைக் கெடுத்துக் கொள்வோரையும், பணம் வைத்து ஆடி இழந்தோரையும் பற்றி நாங்களும் கேள்விப்பட்டிருக்கிறோம். பணம் வைத்து ஆடும் இணைய விளையாட்டுகளைத் தடை செய்யும் சட்டத்தை நம் நாடாளுமன்றம் 2025-இல் நிறைவேற்றியதும் இதனால்தான். ஆனால் கத்தி கையை வெட்டும் என்று சமையலறையிலிருந்து கத்தியை எடுத்தெறிவார் உண்டோ? பிடிக்கக் கற்றுக் கொடுப்பதன்றோ முறை!

ஆசிரியர் இல்லாத விளையாட்டு கல்வி ஆகாது என்பதையும் ஒப்புக்கொள்கிறோம். 'ஆரிகன் டிரெயில்' விளையாட்டையே பாருங்கள். அது வண்டியில் சென்றவரின் கதையைத்தான் நெடுங்காலம் சொல்லி வந்தது. அந்த மண்ணில் முன்பே வாழ்ந்த பழங்குடி மக்களின் கண்கொண்டு பார்க்கவில்லை என்ற குறை அதன்மீது எழுந்தது. 2021-இல் வெளியான புதிய பதிப்பிற்குப் பழங்குடி வரலாற்றறிஞரின் ஆலோசனையைப் பெற்றனர். விளையாட்டு எதைச் சொல்லாமல் விட்டது என்று கேட்கக் கற்றுத்தருபவர் ஆசிரியரே. அந்த இடத்தை எந்தத் திரையும் நிரப்பாது.

இவை அனைத்தையும்விட எங்கள் நெஞ்சில் உள்ள காரணம் ஒன்று உண்டு. 2020-இல் பெருந்தொற்றினால் பள்ளிகள் மூடப்பட்டபோது நாங்கள் தொடக்கப் பள்ளியில் இருந்தோம். கல்வித் தொலைக்காட்சியும் கைப்பேசியுமே அன்று வகுப்பறைகள். கைப்பேசி ஒன்றே இருந்த எங்களுள் பலர் வீட்டில், அண்ணனுக்கும் தம்பிக்கும் போக மீதி நேரமே எங்களுக்குக் கிட்டியது. இன்றும் மாலையில் தம்பி கையில் கைப்பேசி இருந்தால் "சின்னப் பையன், விளையாடட்டும்" என்பர், நம் கையில் இருந்தால் "பெண் பிள்ளைக்கு எதற்கு?" என்பர். அவன் விளையாடி விளையாடியே கணினியின் பழக்கத்தைக் கற்றுக்கொள்கிறான். அடுத்த ஆண்டு மேல்நிலை வகுப்பில் பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும்போது 'கணினி அறிவியல்' என்றதும் எங்களுள் சிலர் தயங்குவது அறிவுக் குறைவினால் அன்று. கை பழகாத குறையினால்தான். வீட்டில் கிடைக்காத அந்த வாய்ப்பைப் பெண்களுக்கான பள்ளிதான் தர இயலும்.

எனவே எங்கள் வேண்டுகோள் சிறியது. வாரம் ஒரு பாடவேளை, கணினி அறையில், ஆசிரியர் முன்னிலையில். ஒரு கணினிக்கு மூவர். ஆடி முடித்ததும், என்ன முடிவெடுத்தோம், ஏன் எடுத்தோம், எங்கே பிழைத்தோம் என்று ஏட்டில் அரைப் பக்கம் எழுத வேண்டும். ஆசிரியர் அதைத் திருத்த வேண்டும். வீட்டிற்குக் கைப்பேசி வேலை எதுவும் தர வேண்டியதில்லை. ஒரு பருவம் இவ்வாறு செய்து பாருங்கள். பயன் இல்லையெனில் நிறுத்திவிடலாம்.

கரும்பலகையை அகற்றுமாறு நாங்கள் கேட்கவில்லை. அதன் பக்கத்தில் ஒரு கணினித் திரைக்கும் இடம் கொடுங்கள் என்றே கேட்கிறோம். அன்புப் பெற்றோரே, அடுத்த முறை "போய்ப் படி" என்று சொல்லுமுன், மகள் என்ன விளையாடுகிறாள் என்று ஒரு கணம் அருகில் வந்து பாருங்கள். அவள் படித்துக்கொண்டே இருக்கக் கூடும்!