யாருக்கு இரகசியம்?

2009 மே 13 அன்று தமிழ்நாடு மக்களவைத் தேர்தலில் ஓட்டுப் போட்டுக்கொண்டிருந்தது. அதே தேதியிட்டு, சென்னையிலிருந்த அமெரிக்கத் துணைத் தூதரகம் வாஷிங்டனுக்கு ஒரு குறிப்பு அனுப்பியது. தென்னிந்தியாவில் ஓட்டுக்குப் பணம் எப்படிக் கொடுக்கிறார்கள் என்பதுதான் அதன் விஷயம். அந்த ஜனவரியில் நடந்த திருமங்கலம் இடைத்தேர்தலில், காலையில் வாசலில் விழும் நாளிதழுக்குள் உறை வைத்து, ஓட்டுக்கு 5,000 ரூபாய் வீடு வீடாகப் போனதாக அதில் எழுதியிருந்தார்கள். விக்கிலீக்ஸிடமிருந்து இந்தியா தொடர்பான சுமார் 5,100 தூதரகக் குறிப்புகளைப் பெற்ற ‘தி இந்து’ நாளிதழ், 2011 மார்ச்சில், சட்டமன்றத் தேர்தலுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது இதை வெளியிட்டது.

அதையொட்டி நாடாளுமன்றத்தில் பெரிய அமளி. 2008 நம்பிக்கை வாக்கெடுப்பில் எம்.பி.க்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டதாகச் சொல்லும் இன்னொரு குறிப்பும் அதே வாரத்தில் வெளியானதால் விவகாரம் டெல்லியையே தொட்டுவிட்டது. அப்படி ஒரு குறிப்பு இருக்கிறதா என்பதைக்கூட அரசால் உறுதிசெய்ய இயலாது என்றார் பிரதமர் மன்மோகன் சிங். ஒரு தூதரகம் தன் அரசுக்கு எழுதுவது அவர்களுக்குள்ளான விஷயம் என்பது அரசின் நிலை. திருடப்பட்ட காகிதத்தை வைத்து ஒரு நாடு விவாதம் நடத்தலாமா என்று கேட்டவர்களும் உண்டு.

நான் கேட்க விரும்பும் கேள்வி வேறு. அந்தக் குறிப்பு யாருக்கு இரகசியமாக இருந்தது? அமெரிக்க அரசின் உள் கணினி வலையில் லட்சக்கணக்கான ஊழியர்கள் பார்க்கும் இடத்தில் அது கிடந்தது. ஈராக்கில் பணியிலிருந்த, இருபத்திரண்டு வயதே ஆன, கடைநிலைப் படைவீரர் செல்சி மேனிங்கால் அதைப் படிக்க முடிந்தது. அதனால்தான் 2,51,287 குறிப்புகளை அவரால் வெளியே கொண்டுவரவும் முடிந்தது. உறை வாங்கியதாகச் சொல்லப்பட்ட திருமங்கலத்துக்காரருக்குத்தான், தன் ஊரைப் பற்றி வல்லரசு ஒன்று என்ன எழுதி வைத்திருக்கிறது என்பது தெரியாது.

இப்படி யோசிக்க என்னைப் பழக்கியது என் வேலை. அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்தில் வருவாய்த் துறையில் எழுத்தராகச் சேர்ந்து, பெரும்பகுதி பதிவறையிலேயே இருந்து ஓய்வு பெற்றவன் நான். 1995இல் திருச்சியிலிருந்து பெரம்பலூர் மாவட்டம் பிரிந்தது. 2001இல் அரியலூர் தனி மாவட்டமானது. அடுத்த ஆண்டே மறுபடி பெரம்பலூரோடு சேர்ந்தது. 2007 நவம்பரில் மீண்டும் தனியானது. ஒவ்வொரு முறையும் கோப்புக்கட்டுகள் லாரியில் ஏறி இறங்கின. கட்டைப் பிரித்து, கரையான் தட்டி, எந்தக் கிராமத்துக் காகிதம் எந்த மாவட்டத்துக்குப் போக வேண்டும் என்று பிரித்துக் கொடுத்தவர்களில் நானும் ஒருவன். ஆகவே அரசாங்கக் காகிதம் யார் கைக்கு எளிதாகப் போகிறது, யாரிடம் போகாமல் நிற்கிறது என்பதை நான் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை.

எங்கள் பூமி சுண்ணாம்புக்கல் பூமி. சிமெண்டு ஆலைகளும் அவற்றுக்கான சுரங்கங்களும் இங்கே வாழ்க்கையின் பாகம். ஒரு அலுவலகத்தில் நான் இருந்தபோது ஒரு வயதான அம்மா அடிக்கடி வருவார். சுரங்கம் ஆழமாக ஆழமாகத் தன் கிணற்றில் தண்ணீர் இறங்கிவிட்டது என்பது அவருடைய மனு. ஆட்கள் வந்து பார்த்தார்கள், அளந்தார்கள், அறிக்கையும் எழுதினார்கள். “கெணத்த அளந்துட்டுப் போனாங்களே தம்பி, அந்தக் காயிதத்துல ஒரு நகல் குடு. எம் பேரன் படிச்சுச் சொல்லுவான்” என்றார். மேலிருந்தவர் எழுந்துகூடப் பார்க்கவில்லை. “அது ஆபீஸ் பேப்பரு ஆயா. ரகசியம். வெளிய குடுக்கக் கூடாது.” அந்தக் கோப்பில் இரகசியம் என்று எந்த முத்திரையும் கிடையாது. அந்த வாரமே குவாரித் தரப்பு ஆள் ஒருவர் வந்து, அறிக்கையின் நாலாவது பத்தியில் இன்னின்ன சொல்லைத் திருத்த வேண்டும் என்று நின்றுகொண்டே பேசிவிட்டுப் போனார். அவர் கையில் நகல் இருந்தது.

அந்தக் கசிவை யாரும் திருட்டு என்று சொல்லவில்லை. எந்த அலுவலகத்திலும் சொல்ல மாட்டார்கள். ஏலத்துக்கு முன்பே எதிர்பார்ப்புத் தொகை ஒப்பந்ததாரருக்குத் தெரிந்துவிடுகிறது. கொள்ளிடத்தில் இரவில் மணல் அள்ளுகிறார்கள் என்று மனுக் கொடுத்தவர் வீட்டுக்கு, மனு மேலே போவதற்குள் லாரிக்காரர் ஆள் அனுப்பிவிடுகிறார். மேலிருப்பவர்களை நோக்கி அரசாங்கக் காகிதம் தினமும் கசிகிறது. அது கீழே, ஊருக்கு, எல்லோர் கண்ணுக்கும் வந்துவிட்டால் மட்டும் தேசப் பாதுகாப்பு என்ற சொல் எழுகிறது. விக்கிலீக்ஸ் பற்றியும் அதற்குப் பின் வந்த ஒவ்வொரு கசிவு பற்றியும் நடக்கும் விவாதத்தில் எனக்குக் குறையாகப் படுவது இதுதான்.

இதே கதையை எங்கள் தொகுதி 2010 நவம்பரில் பார்த்தது. பெரம்பலூரிலிருந்து 1996, 1999, 2004 என மூன்று முறை மக்களவைக்குப் போனவர் ஆ.இராசா. அலைக்கற்றை ஒதுக்கீடு பற்றிய கணக்குத் தணிக்கை அறிக்கை நாடாளுமன்றத்தில் வைக்கப்படுவதற்கு முன்பே செய்தியாகக் கசிந்தது. நவம்பர் 14 அன்று அவர் தொலைத்தொடர்பு அமைச்சர் பதவியிலிருந்து விலகினார். 16ஆம் தேதி அறிக்கை அவைக்கு வந்தது. அதே மாதம், வருமான வரித் துறை ஒட்டுக்கேட்டுப் பதிவுசெய்த நீரா ராடியாவின் தொலைபேசி உரையாடல்களை ‘ஓப்பன்’, ‘அவுட்லுக்’ இதழ்கள் வெளியிட்டன. ராடியா பெருந்தொழில் நிறுவனங்களுக்காகத் தொடர்பு வேலை பார்த்தவர். 2009 மே மாதம், நாங்கள் ஓட்டுப்போட்டுச் சில நாட்களே ஆன நிலையில், யாருக்கு எந்தத் துறை என்பதை அவர் தொலைபேசியில் பத்திரிகையாளர்களோடும் அரசியல் புள்ளிகளோடும் பேசிக்கொண்டிருந்தது அப்போதுதான் எங்களுக்குத் தெரிந்தது. தன் அந்தரங்க உரிமை மீறப்பட்டதாக ரத்தன் டாடா உச்ச நீதிமன்றம் போனார். அவர் வாதத்தில் நியாயம் இருந்தது. வழக்குக்குத் தொடர்பில்லாத சொந்தப் பேச்சுகளும் அந்தப் பதிவுகளில் உண்டு. ஆனாலும், அமைச்சரவை உருவாகும் பேச்சு ஒரு நிறுவனப் பிரதிநிதிக்குத் தெரியலாம், வாக்காளருக்குத் தெரியக் கூடாது என்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

இதற்கு மறுபக்கமும் இருக்கிறது. அது பதிவறைக்காரன் கண்ணுக்கு இன்னும் பளிச்சென்று தெரிகிற பக்கம். ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட உரையாடல்களில் அப்போது வெளியே வந்தது சிறு பங்கு. எதை விடுவது, எதை மறைப்பது என்று யாரோ ஒருவர் முடிவு செய்திருக்கிறார். தணிக்கை அறிக்கையின் 1.76 லட்சம் கோடி ரூபாய் ஒரு மதிப்பீடு. அரியலூர் பேருந்து நிலைய டீக்கடையில் அது ரொக்கமாகக் கைமாறிய தொகையாகவே பேசப்பட்டது. ஏழு ஆண்டுகளுக்குப் பிறகு, 2017 டிசம்பர் 21 அன்று, சட்டப்படி ஏற்கத்தக்க சாட்சியத்துக்காகக் காத்திருந்தும் வரவில்லை, எல்லோரும் வதந்தியால் உண்டான பொதுக் கருத்தின் வழியே போனார்கள் என்ற பொருளில் எழுதி, நீதிபதி ஓ.பி.சைனி அலைக்கற்றை வழக்கில் அனைவரையும் விடுவித்தார். மேல்முறையீட்டை 2024 மார்ச்சில் டெல்லி உயர் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றிருக்கிறது. முடிவு எப்படியும் ஆகட்டும். கசிந்த ஒரு துண்டைக் கையில் வைத்துக்கொண்டு ஊரே தீர்ப்பு எழுதியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன்.

கோப்பு என்பது இரண்டு பாகம். வந்த கடிதம், போன கடிதம் எல்லாம் நடப்புக் கோப்பு. எழுத்தர் தொடங்கி உயரதிகாரி வரை யார் என்ன கருதினார், யார் மறுத்தார், யார் அதை மீறிக் கையெழுத்திட்டார் என்பது குறிப்புக் கோப்பு. குறிப்புக் கோப்பில் ஒரு பக்கத்தை மட்டும் உருவிக் காட்டினால் யாரையும் கள்ளனாக்கலாம், யாரையும் உத்தமனாக்கலாம். 2019 பிப்ரவரி 8 அன்று ரஃபேல் போர் விமானப் பேரம் பற்றிய பாதுகாப்பு அமைச்சகக் குறிப்பு ஒன்று ‘தி இந்து’வில் வந்தபோது நடந்தது இதுவே. பிரதமர் அலுவலகம் இணையாகப் பேச்சு நடத்துவது நம் தரப்பைப் பலவீனப்படுத்துகிறது என்ற அதிகாரிகளின் ஆட்சேபம் அச்சாகியிருந்தது. அதே தாளின் அடியில் அமைச்சர் மனோகர் பாரிக்கர் கைப்பட எழுதிய பதில், அன்றே வேறொரு வழியில் வெளியே வந்தது. அந்த ஆட்சேபம் மிகையானது என்று அவர் எழுதியிருந்தார். இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் அந்தத் தாளில் நடந்த வாக்குவாதம் புரியும். அந்த ஆட்சேபத்தை மக்கள் பார்த்தது நல்லதே என்பது என் கருத்து. பாரிக்கரின் எழுத்தையும் சேர்த்தே அச்சிட்டிருக்க வேண்டும் என்பதும் என் கருத்து.

ரஃபேல் பேரம் பற்றி உச்ச நீதிமன்றத்தில் நடந்த மறுஆய்வு வழக்கில் அட்டர்னி ஜெனரல் கே.கே.வேணுகோபால் முதலில் ஆவணங்கள் திருடப்பட்டன என்றார். இரண்டு நாள் கழித்து, நகல்கள் எடுக்கப்பட்டதையே அப்படிச் சொன்னதாக விளக்கினார். கசிந்த காகிதம் என்பதற்காகவே அதைப் பார்க்க மாட்டோம் என்று தள்ள முடியாது என 2019 ஏப்ரல் 10 அன்று உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகளும் ஒருமனதாகச் சொன்னார்கள். மறுஆய்வு மனுக்கள் பின்னர் நவம்பரில் தள்ளுபடியாயின என்பது வேறு. ஏப்ரல் தீர்ப்பு, 1923ஆம் ஆண்டு அலுவல்சார் இரகசியச் சட்டத்தின் மேல் விழுந்த நல்ல அடி.

அந்தச் சட்டம் எதை இரகசியம் என்று எங்கும் வரையறுக்கவில்லை. வெள்ளைக்காரன் தன் குடிகளுக்கு எதிராகப் போட்ட வேலியை நாம் நூறாண்டு தாண்டியும் பிரிக்கவில்லை. 2002இல் டெல்லிப் பத்திரிகையாளர் இஃப்திகார் கிலானியை இந்தச் சட்டத்தின் கீழ்ப் பிடித்தார்கள். அவர் கணினியில் கிடைத்தது, பாகிஸ்தான் நிறுவனம் ஒன்று வெளியிட்டு, இணையத்தில் எவரும் எடுக்கக்கூடியதாக இருந்த கட்டுரை. ஏழு மாதம் சிறையில் இருந்தார். 2006இல் வீரப்ப மொய்லி தலைமையிலான நிர்வாகச் சீர்திருத்த ஆணையம் இச்சட்டத்தை நீக்கச் சொன்னது. இன்றும் இருக்கிறது. 1962 சீனப் போரின் தோல்வி பற்றிய ஹெண்டர்சன் புரூக்ஸ் அறிக்கையின் பெரும்பகுதியை நெவில் மேக்ஸ்வெல் 2014இல் இணையத்தில் ஏற்றிவிட்டார். உலகமே படித்தாகிவிட்டது; இந்திய அரசு தன் மக்களுக்கு முழு அறிக்கையை இன்னும் தரவில்லை.

ஈழத்து விஷயத்தைச் சொல்லாமல் ஒரு தமிழன் இந்தப் பேச்சை முடிக்க முடியாது. 2010 ஜனவரியில் கொழும்பிலிருந்த அமெரிக்கத் தூதர் பேட்ரீசியா புட்டனிஸ், போர்க் குற்றங்களுக்கான பொறுப்பு ராஜபக்ச சகோதரர்களையும் தளபதி பொன்சேகாவையும் உள்ளடக்கிய மேல்மட்டத் தலைமையின் மேல் இருக்கிறது என்று தன் அரசுக்கு எழுதினார். விக்கிலீக்ஸ் வராவிட்டால் அது எத்தனை ஆண்டு பெட்டிக்குள் கிடந்திருக்குமோ! 2011 ஏப்ரலில் ஐ.நா. நியமித்த தருஸ்மான் குழுவின் அறிக்கைப் பகுதிகள் ‘தி ஐலண்ட்’ நாளிதழில் கசிந்தன. சில நாட்களில் ஐ.நா. முழுதாக வெளியிட்டது. 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கலாம் என்பதை மறுக்க இயலாது என்ற வரியை உலகம் படித்தது. அடுத்த ஆண்டு, முள்ளிவாய்க்கால் நாட்களில் ஐ.நா.வே எப்படித் தவறியது என்று சொன்ன சார்லஸ் பெட்ரியின் அறிக்கையும் பி.பி.சி.க்குக் கசிந்து, மறுநாள் வெளியானது. வல்லரசுகளுக்கும் ஐ.நா. அலுவலர்களுக்கும் தெரிந்திருந்தது, பிள்ளையைப் பறிகொடுத்து நம் முகாம்களில் உட்கார்ந்திருந்த தாய்க்கு மட்டும் இரகசியம். இங்கே கசிவை நான் தயக்கமில்லாமல் ஆதரிக்கிறேன்.

ஆதரிக்காத இடமும் உண்டு. 2011 செப்டம்பரில் விக்கிலீக்ஸ் எல்லாக் குறிப்புகளையும் பெயர்களை மறைக்காமல் மொத்தமாகக் கொட்டியது. அதுவரை உடனிருந்த பத்திரிகைகளே கண்டித்தன. தூதரகத்தில் யாரோ ஒரு ஆசிரியர், ஒரு வழக்கறிஞர், தன் ஊரின் கொடுமையைச் சொல்லியிருப்பார். அவர் பெயர் வெளிவந்தால் அவர் உயிருக்கு யார் காவல்? கொள்ளிடத்து மனுதாரரை அறிந்த எனக்கு அதை விளக்க வேண்டியதில்லை. மறைக்க வேண்டியது எளியவர் பெயரை. முடிவெடுத்தவர் பெயரை மறைக்க ஒரு காரணமும் இல்லை.

கசிவுக்குத் தேவையே இல்லாமல் செய்வதற்கு நம்மிடம் ஒரு சட்டம் இருக்கிறது. 2005 தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(2) பிரிவு, பொதுநலன் பெரிதாக இருந்தால் இரகசியச் சட்டத்தையும் மீறித் தகவல் தரலாம் என்கிறது. அதிகாரிகளின் கோப்புக் குறிப்புகளை இதிலிருந்து விலக்க 2006இல் மத்திய அரசு முயன்றது. எதிர்ப்பு கிளம்பியதும் கைவிட்டது. இப்போது 2023 தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் வழியே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜெ) பிரிவில் கைவைத்திருக்கிறார்கள். நாடாளுமன்றத்துக்கு மறுக்க முடியாத தகவலைக் குடிமகனுக்கும் மறுக்க முடியாது என்றிருந்த வாசகம் போய்விட்டது. தனிநபர் தகவல் என்று ஒரு வரி எழுதி மனுவைத் திருப்பி அனுப்புவது இனிச் சுலபம். கேட்டால் கிடைக்கும் வழியை அடைத்துவிட்டு, கசிவு கூடுகிறதே என்று அரசுகள் வருந்துவதில் எனக்கு அனுதாபம் இல்லை.

சுரங்கம் உள்ள மாவட்டங்களுக்கு 2015 சட்டத் திருத்தத்தால் மாவட்டக் கனிம அறக்கட்டளை வந்தது. குத்தகைதாரர் கட்டும் பணம், சுரங்கத்தால் பாதிக்கப்பட்ட ஊர்களுக்குச் செலவாக வேண்டும். எங்கள் மாவட்ட அறக்கட்டளைக் கூட்டங்களின் நடவடிக்கைக் குறிப்புகளை, குறிப்புக் கோப்புடன் சேர்த்து, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை கேட்டு மனு எழுதியிருக்கிறேன். பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டியாயிற்று. திங்கட்கிழமை தபாலில் போகிறது. முப்பது நாளில் பதில் தர வேண்டும். ஜெயங்கொண்டம், செந்துறைப் பக்கத்து நண்பர்களும் தங்கள் ஊர்க் கிணறுகளின் கணக்கைக் கேட்டுத் தனித்தனியே எழுதுகிறார்கள்.