வேர்வை என்னும் சாக்கு

“இந்த வெயில்லயா சைக்கிள்?” என்று என்னை முதலில் கேட்டவர் மார்கழி மாதத்தில் கேட்டார். காலை எட்டு மணி. காதைச் சுற்றி மப்ளர் கட்டியிருந்தார்.

சென்னையில் மேற்கு மாம்பலத்திலிருந்து கிண்டி தொழிற்பேட்டைக்கு நான் சைக்கிளில் வேலைக்குப் போகத் தொடங்கி ஆறு வருடமாகிறது. ஒரு வழிக்கு ஐந்தரை கிலோமீட்டர், இருபத்தைந்து நிமிடம். இத்தனை வருடம் வாங்கிக் கட்டிக்கொண்ட புத்திமதிகளையெல்லாம் பிழிந்தால் ஒரு வரிதான் மிஞ்சும்: சைக்கிளெல்லாம் குளிர்தேசத்துக்காரனுக்குச் சரி, நம்ம ஊருக்குச் சரிப்படாது, வேர்த்துக் கொட்டும்.

சொல்கிறவர்கள் சைக்கிளே அறியாதவர்கள் அல்ல. குரங்குப் பெடல் போட்டு முட்டியைச் சிராய்த்துக்கொண்டவர்கள். மணிக்கு இவ்வளவு என்று வாடகை சைக்கிள் எடுத்து, நேரம் முடிந்தபின்னும் ஒரு சுற்று திருட்டுத்தனமாக ஓட்டியவர்கள். பள்ளிக்கூடத்துக்கு டபுள்ஸ் போனவர்கள். அன்றைக்கும் சித்திரை மாதம் இருந்தது, கத்திரி இருந்தது. யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை. முதல் சம்பளம் வந்து, தவணையில் பைக் எடுத்த மறுநாள்தான் சூரியன் திடீரென்று கிட்டே வந்துவிட்டது.

வேர்வைக் கணக்கை முதலில் தீர்த்துவிடலாம். சைக்கிள் ஓடும்போது அவ்வளவாக வேர்ப்பது தெரியாது. மணிக்குப் பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் போனாலே முகத்தில் காற்றடிக்கும்; வேர்க்க வேர்க்கக் காய்ந்துகொண்டே வரும். நின்றபின்தான் வினை. ஸ்டாண்டு போட்டு, பூட்டி, லிஃப்டுக்குக் காத்திருக்கும் அந்த இரண்டு நிமிடத்தில் நெற்றியிலும் முதுகிலும் ஊற்று திறந்துகொள்ளும். புதிதாகத் தொடங்கியவர் அப்படியே போய் நாற்காலியில் உட்காருகிறார், பக்கத்து மேசைக்காரர் முகத்தைப் பார்க்கிறார், அன்றோடு சைக்கிளை மொட்டைமாடிக்கு ஏற்றிவிடுகிறார். பத்து நிமிடம் முன்னதாகப் போய் ஃபேனுக்கு அடியில் நின்று, துண்டால் துடைத்து, கொண்டுபோன சட்டையை மாட்டிக்கொண்டிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். குளித்துவிட்டுக் கிளம்பிய உடம்பின் புது வேர்வைக்கு அநேகமாக நாற்றமே கிடையாது. தோலிலிருக்கும் பாக்டீரியாக்கள் அதில் வேலை செய்ய நேரம் வேண்டும். நனைந்த சட்டையை மாலைவரை போட்டிருப்பவரிடம்தான் நாறும், அவர் காரில் வந்திருந்தாலும்.

இன்னொன்று. தேவையில்லாமல் வேர்க்க வைக்கிற மூன்று காரியங்களை நாமே செய்துகொண்டு பழியை வெயில்மேல் போடுகிறோம். முதுகில் பை மாட்டிக்கொண்டு ஓட்டுவது ஒன்று. லேப்டாப்பும் சாப்பாட்டு டப்பாவும் முதுகோடு ஒட்டிக்கொண்டிருந்தால் காற்று எங்கே நுழையும்? கேரியரில் வைத்துக் கட்டிப் பாருங்கள், பாதி வேர்வை போய்விடும். அடுத்தது சீட். இருபது வருடம் கழித்துச் சைக்கிள் ஏறுகிறவர் பயத்தில், இரண்டு காலும் தரையில் பதியும்படி சீட்டை இறக்கிவைத்துக்கொள்கிறார். மடக்கிய முட்டியோடு மிதித்தால் நாலாம் நாள் முட்டி வலிக்கத்தான் செய்யும். பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதன்மேல் வைத்தால் கால் நீண்டு நேராக இருக்க வேண்டும். அதுதான் சீட்டின் உயரம். மூன்றாவது காற்று. பஞ்சர் ஆகாவிட்டாலும் டியூபில் காற்று வாரா வாரம் கொஞ்சம் இறங்கும். காற்றில்லாத டயரை மிதிப்பதும் மணலில் வண்டி தள்ளுவதும் ஒன்று. இதையெல்லாம் சொல்லிக்கொடுக்கத் தெருமுனைப் பஞ்சர்கடைக்காரர் போதும். ஓவராயில் செய்து, போக்ஸ் கம்பி முறுக்கி, செயினுக்கு எண்ணெய் விட்டுக் கொடுத்தால் அப்பாவின் பழைய சைக்கிள்கூட வழுக்கிக்கொண்டு ஓடும்.

ஆனால் யாரும் பஞ்சர்கடைக்குப் போவதில்லை, ஷோரூமுக்குப் போகிறார்கள். அங்கே மலையேறுகிற சைக்கிளை விற்கிறார்கள்: இருபத்தோரு கியர், கட்டைவிரல் கனத்தில் பல்லுள்ள டயர், முன்னால் ஸ்பிரிங் வைத்த ஃபோர்க். மட்கார்டு இல்லை, கேரியர் இல்லை, செயின் கவர் இல்லை, ஸ்டாண்டுக்குத் தனிக் காசு. அசோக் நகரில் என்ன மலை இருக்கிறது? என் பாதையிலுள்ள ஒரே ஏற்றம் காசி தியேட்டர் பக்கம் அடையாற்றைத் தாண்டும் பாலம். முதல் வாரம் அதில் இறங்கித் தள்ளினேன். மூன்றாம் வாரம் ஏற்றம் இருந்ததையே மறந்துவிட்டேன். மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கை ஸ்பிரிங்கும் பல் டயரும் தின்றுவிடும் வண்டியை வாங்கி, முதுகில் பை மாட்டி, முதல் மழையில் பின்சக்கரத்துச் சேற்றைச் சட்டை முழுக்க வாங்கிக்கொண்டவர், சைக்கிள் நம்ம ஊருக்குச் சரிப்படாது என்று சொல்வதில் வியப்பில்லை. அவர் வாங்கியது நம்ம ஊருக்கான சைக்கிளே இல்லை. இத்தனைக்கும் 1949-இல் அம்பத்தூரில் தொடங்கிய தொழிற்சாலை, பார் வைத்து, கேரியர் வைத்து, இந்தத் தெருக்களுக்கென்றே ஹெர்குலிஸும் பி.எஸ்.ஏ.வும் செய்துகொண்டிருந்த ஊர் இது.

பழைய வண்டியிலும் ஒரு குறை உண்டு, மறைக்க மாட்டேன். இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் கட்டை பிடிக்காது. ஐப்பசி மழையில் பிரேக்கை முன்கூட்டியே லேசாக அழுத்தி, ரிம்மைத் துடைத்துக்கொண்டே போக வேண்டும். தெருவில் தண்ணீர் தேங்கியிருந்தால் இறங்கிவிட வேண்டும். அடியில் சாக்கடை மூடி இருக்கிறதா இல்லையா என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

வெயில்வாதிகளை நான் கூட்டிப்போக விரும்பும் இடம் யாழ்ப்பாணம். அங்கே பனை உண்டு, புழுக்கம் உண்டு, குளிர்தேசத்து வாசனையே கிடையாது. 1990-களில் பெட்ரோல் தடை இருந்தபோது அந்தக் குடாநாடு சைக்கிளில்தான் ஓடியது. விறகு, மூட்டை, நோயாளி எல்லாம் கேரியரில் போயின. விரும்பி ஏறிய சைக்கிள் அல்ல அது, யுத்தம் ஏற்றிவிட்டது. ஆனால் தடை போனபின்னும் சேலை கட்டிய ஆசிரியைகள் சைக்கிளில் பள்ளிக்கூடம் போனார்கள், கந்தோருக்கு, அதாவது ஆபீஸுக்கு, போகிறவர்கள் லுமாலா சைக்கிளில் போனார்கள். வேர்க்கும் என்று பள்ளிக்கூடத்தை மூடியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

அவ்வளவு தூரம் போக முடியாதென்றால் புதுக்கோட்டை. 1991-இல் அங்கே எழுத்தறிவுக்கான அறிவொளி இயக்கம் தொடங்கியபோது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்தோடு சைக்கிளும் கற்றுக்கொடுக்க முடிவானது. 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்தைந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் கொடி கட்டிய சைக்கிளில் மணியடித்துக்கொண்டு நகரத்துக்குள் வந்ததைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவுசெய்திருக்கிறார். கல் குவாரியில் வேலை செய்த பெண்களும் கற்றுக்கொண்டார்கள். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஆண்கள் சைக்கிளில் ஏறினார்கள். முன்பாரில் குழந்தையை உட்காரவைக்க வசதி என்று அதையே சிலர் விரும்பினார்கள். புதுக்கோட்டை வெயில் கிண்டி வெயிலுக்குக் குறைந்ததா? அந்தப் பெண்களைத் தடுக்கப் பார்த்தது வெயில் அல்ல. தெருவில் நின்றவர்களின் வாய்.

இங்கேதான் என் கட்சியைச் சொல்ல வேண்டும். “வேர்க்கும்” என்பது மரியாதையான பொய். உள்ளே இருப்பது, “என்னைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்” என்பது. ஹெல்மெட்டுக்குள் தலை வெந்துகொண்டு அசோக் பில்லர் சிக்னலில் நிற்பவருக்கு வேர்ப்பதில்லையா? பஸ்ஸில் தொங்கி வருபவருக்கு? பைக் நம்ம ஊருக்குச் சரிப்படாது என்று அவர்களிடம் யாரும் சொல்வதில்லை. சைக்கிளில் வடியும் வேர்வைக்கு மட்டும் ஏழை வாடை இருக்கிறது.

“இப்பல்லாம் யார் சைக்கிள்ல வேலைக்குப் போறா?” என்பது இதே பொய்யின் தம்பி. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், விவசாயம், வீட்டுத்தொழில் அல்லாத வேலைக்காரர்களிடம் எதில் வேலைக்குப் போகிறீர்கள் என்று கேட்டார்கள். இந்தியா முழுவதும் சைக்கிள் என்றவர்கள் 13 சதவீதத்துக்குச் சற்று மேல். ஸ்கூட்டர், மொபெட், மோட்டார் சைக்கிள் மூன்றும் சேர்ந்தே அதைவிட ஒரு நூலளவு குறைவு. கார் 3 சதவீதம்கூட இல்லை. அதன்பிறகு பைக்குகள் பெருகியிருக்கின்றன, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் காலை ஏழரைக்கு, 1958-இல் உருவான இந்தத் தொழிற்பேட்டையின் உள்தெருக்களில் வந்து நில்லுங்கள். லேத் பட்டறைக்குப் போகிற டர்னர், ஹேண்டில்பாரில் தூக்குவாளி ஆடுகிற ஹெல்பர், ராத்திரி டூட்டி முடித்த காவலாளி, ஒரே சைக்கிளில் இரண்டு பேராக வரும் ஒடிசாப் பையன்கள். “யார் போறா” என்று கேட்கிறவர் இவர்களை ஒதுக்கித்தான் தினமும் ஹாரன் அடிக்கிறார். கண்ணில் மட்டும் படுவதில்லை. படாததால் இவர்களுக்குப் பாதையும் கிடையாது. 2014-இல் சென்னை மாநகராட்சி ஏற்றுக்கொண்ட கொள்கை, போக்குவரத்துக்கான ஒதுக்கீட்டில் குறைந்தது 60 சதவீதம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்றது. யாருமே ஓட்டுவதில்லை என்று ஊர் நம்பிக்கொண்டிருக்கும்போது சைக்கிள் பாதை எங்கே என்று யார் போய்க் கேட்பது?

ஒரு பயத்தை மட்டும் நான் சாக்கு என்று தள்ளமாட்டேன்: அடிபட்டுவிடுவோம் என்ற பயம். அது நியாயமானது. 2022-இல் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் செத்தார்கள். அவர்களில் சைக்கிளில் போனவர்கள் 5,000-க்குச் சற்றுக் குறைவு. இருசக்கர மோட்டார் வாகனத்தில் போனவர்கள் 75,000-ஐ ஒட்டி. இதை வைத்துச் சைக்கிள் பத்திரமானது என்று சொன்னால் அது ஏமாற்று, ஏனென்றால் சைக்கிள் ஓடும் தூரம் குறைவு. ஆனால் பயந்து சைக்கிளை விட்டவர் எதில் போய் ஏறினார் என்று கேட்கலாம் அல்லவா? நான் நூறடிச் சாலையில் ஓட்டுவதில்லை. அசோக் நகர் அவென்யூக்கள், ஜாபர்கான்பேட்டைச் சந்துகள் என்று வளைந்து போனால் ஆறு நிமிடம் கூடுதல், பாலத்தில் மட்டும் லாரிகளோடு கூட்டு. தொடங்குகிறவர் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் வெறுங்கையோடு இந்தச் சந்துவழியை ஓட்டிப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை பையைக் கட்டினால் போதும்.

சந்துகளைக் கண்டுபிடித்துவிட்டேன். ஆபீஸ் வாசலைத்தான் தாண்ட முடியவில்லை.

எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் பைக்குகளுக்கு வெள்ளைக் கோடு போட்டு எண் எழுதியிருக்கும். முதல்நாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சரிவில் இறங்கினேன். செக்யூரிட்டி கையைக் காட்டி நிறுத்தினார்.

“டெலிவரின்னா மேல நில்லுப்பா.”

“இங்கதாண்ணே வேலை. மூணாவது மாடி.”

கழுத்திலிருந்த அட்டையைப் பார்த்தார். குரல் இறங்கியது. “சைக்கிள் உள்ள விட மாட்டாங்க சார். வெளிய போட்ருங்க.”

“அப்படி எழுதியிருக்காண்ணே?”

“எழுதலாம் இல்ல சார். இதுவரைக்கும் யாரும் கொண்டாந்ததில்ல.”

“உங்க வண்டி எங்க நிக்குது?”

சிரித்துவிட்டார். ஜெனரேட்டர் அறைக்குப் பின்னால், யார் கண்ணிலும் படாத இடுக்கில், ஒரு லேடீஸ் சைக்கிள் நின்றது. முன்கூடை வளைந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் சைக்கிள். 2001-02-இல் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவிகளுக்கென்று தொடங்கி, பிறகு அரசுப் பள்ளிப் பிள்ளைகள் எல்லோருக்கும் என்று ஆன திட்டம். அவர் மகளுக்குக் கிடைத்தது. இப்போது அப்பா ஓட்டுகிறார். “என் வண்டிகிட்டயே போட்ருங்க சார், நான் பாத்துக்கிறேன்” என்றார். ஆறு வருடமாக என் சைக்கிள் அங்கேதான் நிற்கிறது. வெள்ளைக் கோட்டுக்குள் அது இன்னும் போகவில்லை.

போன மாதம் ஒருநாள் சாயங்காலம் பூட்டைத் திறந்துகொண்டிருக்கும்போது மகளைப் பற்றி விசாரித்தேன். டிகிரி முடித்துவிட்டு ஒரு கடையில் பில்லிங்கில் இருக்கிறாளாம். வீட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டர். போக வர ஷேர் ஆட்டோ. “அடுத்த வருஷம் ஸ்கூட்டி எடுத்துக் குடுக்கணும் சார்.”

“இந்த சைக்கிள்லயே போலாமேண்ணே? ப்ளஸ் டூ வரைக்கும் ஓட்டின பொண்ணுதான?”

“வேர்க்குதுங்குது.”

நான் வழக்கமான என் பிரசங்கத்துக்கு வாயைத் திறந்தேன். அவர் முந்திக்கொண்டார்.

“வேர்வைலாம் இல்ல சார். நீங்க சைக்கிள்ல வந்தா, சார் ஹெல்த்துக்கு வர்றாருன்னு சொல்லுவாங்க. நான் வந்தா, வாட்ச்மேன் வேற எதுல வருவான்னு விட்ருவாங்க. அது வந்தா, அப்பன் ஒரு வண்டிகூட வாங்கித் தரலன்னு பேசுவாங்க. பொண்ணு பாக்க வர்ற நேரம் சார்.”

என்னிடம் பதில் இல்லை. அவர் குனிந்து என் பின்டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார். “காத்து கம்மியா இருக்கு. போற வழியில அடிச்சுக்கிங்க சார்” என்றார்.