பெரியம்மா ஏசாத ஆள்

கிள்ளானில் பெரியம்மா வீட்டுக்குப் போனால், தொடர் முடிந்த பிறகுதான் ராத்திரிச் சாப்பாடு. 'பாக்கியலட்சுமி' ஓடிக்கொண்டிருந்த காலத்தில் அதில் வரும் ராதிகா அந்த வீட்டுக் கூடத்தில் வாங்கிய ஏச்சுக்கு அளவே இல்லை. 2022இல் கோபி அவள் கழுத்தில் தாலி கட்டிய அன்று பெரியம்மா மடியில் தட்டை வைத்துச் சின்ன வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கத்தியைக் கீழே வைத்துவிட்டு டிவியைப் பார்த்துக் கையை நீட்டினார். "ஒரு குடும்பத்தக் கெடுத்துட்டியேடி, நீ வெளங்குவியா?" கண்ணில் தண்ணீர். வெங்காயம் மட்டும் காரணமில்லை. தாலி கட்டியவன் பக்கத்திலேயே மாலையும் கழுத்துமாக உட்கார்ந்திருந்தான். அவன் மேல் ஒரு சொல்லும் விழவில்லை.

அன்று எனக்கு உறுத்தியது இன்னும் உறுத்திக்கொண்டே இருக்கிறது.

விஜய் டிவியில் 2020 ஜூலையில் தொடங்கி ஐந்து வருடம் ஓடிய தொடர் அது. வங்காளத்தில் வந்த 'ஸ்ரீமொயி'தான் மூலம். இந்தியில் அதே கதை 'அனுபமா'. கோபி தன் கல்லூரிக் காலத்துக் காதலி ராதிகாவைப் பல வருடம் கழித்துப் பார்க்கிறான். கட்டிய மனைவியைப் பற்றி அவளிடம் பொய் பொய்யாகச் சொல்கிறான். அந்த மனைவி வேறு யாருமல்ல, தான் அன்பு வைத்துப் பழகும் பாக்கியாதான் என்பதே ராதிகாவுக்கு நெடுநாள் தெரியாது. தெரிந்த பிறகும் அவனை ஏன் கட்டினாய் என்று அவளைக் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். ஆனால் இரண்டு பெண்களையும் ஏமாற்றிக்கொண்டு வீட்டுக்கும் வெளிக்கும் நடந்தவனை முதலில் கேட்க வேண்டாமா?

பிரிக்ஃபீல்ட்ஸில் நான் பூ வாங்கும் கடை அக்காவிடம் இதைச் சொன்னேன். நூலை இறுக்கிக்கொண்டே, "ஆம்பள அப்படித்தான் இருப்பான், இவளுக்குப் புத்தி எங்க போச்சு?" என்றார். ராதிகாவாக முதலில் நடித்தவர் ஜெனிஃபர். அவர் விலகியதும் ரேஷ்மா பசுபுலேட்டி வந்தார். முகம் மாறியது, குரல் மாறியது, ஏச்சு மட்டும் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காமல் அப்படியே புது முகத்துக்கு மாறிக்கொண்டது.

'பாரதி கண்ணம்மா' தொடரில் வெண்பா உண்மையாகவே சூழ்ச்சிக்காரி. பாரதிக்குப் பிள்ளை பிறக்காது என்று பொய்ச் சான்று காட்டியவள். அவளை ஏசியதில் நியாயம் உண்டு. ஆனால் பாரதி ஒரு டாக்டர். ஒரே ஒரு டிஎன்ஏ பரிசோதனையில் தீர்ந்திருக்கும் சந்தேகத்தைச் சுமந்துகொண்டு வயிற்றுப்பிள்ளைக்கார மனைவியைத் தவிக்க விட்டவன். அவனைப் பற்றிப் பேச்சு வந்தால் "பாவம், ஏமாந்துட்டான்" என்று முடித்துவிடுவார்கள். தமிழர் வீட்டில் மட்டும்தான் இப்படி என்று நினைக்க வேண்டாம். 2009இல் டிவி3இல் மலாய்த் தொடர் 'நூர் காசே' வந்தபோது பெரியம்மாவின் பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக், மனைவியை விட்டுப் போன ஆதாமை விட்டுவிட்டு, சிட்னியில் இருந்த கேத்ரினாவைத்தான் வேலியோரம் நின்று ஏசிக்கொண்டிருந்தார்.

மலேசியச் சட்டத்திலும் இதன் சாயல் உண்டு. முஸ்லிம் அல்லாதவர்களுக்கு ஒரே துணைதான் என்று ஆக்கிய 1976ஆம் வருடத் திருமண, மணமுறிவுச் சட்டம் 1982 மார்ச் 1 அன்று நடப்புக்கு வந்தது. கள்ள உறவைக் காரணம் காட்டி மணமுறிவு கேட்பவர், அந்த மூன்றாம் ஆளிடம் நட்டஈடும் கேட்க அதன் 58ஆம் பிரிவு வழி விடுகிறது.

அந்தத் தேதிக்கு முன்னால் பிறந்து வளர்ந்தவர் பெரியம்மா. ரப்பர் தோட்டத்து லயத்தில் என் தாத்தாவுக்கு இரண்டு வீடு. மேல் லயத்தில் பாட்டி, கீழ் லயத்தில் இன்னொருவர். அவரைப் பெரியம்மா இன்றும் சின்னம்மா என்றுதான் சொல்வார். போன மாதம் சோறு போட்டுக்கொண்டே சொன்னார்: "சம்பள நாளு அப்பா நேரா அங்க போயிருவாரு. அம்மா போயி அவ வாசல்ல மண்ண வாரித் தூத்திட்டு வரும். அப்பாவ ஒரு வார்த்தை கேட்டதில்ல."

"ஏன் கேக்கல?"

"கேட்டா, அரிசிக்குக் குடுக்கிற காசும் நின்னுருமே."

நான் கையைச் சோற்றில் வைத்தபடி இருந்தேன். வெங்காயத் தட்டும் நீட்டிய கையும் நினைவுக்கு வந்தன. எத்தனை வருடத்து ஏச்சு அது, யாருக்குப் போக வேண்டியது!

"அந்தச் சின்னம்மாவுக்கு அப்ப என்ன வயசு?"

"பத்தொம்பது இருக்கும்." ரசக் கரண்டியைப் பாத்திரத்திலேயே விட்டுவிட்டுப் பெரியம்மா கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். பிறகு கேட்டார்: "எங்கப்பாவுக்கு வீட்டுல மூணு புள்ளைங்க இருக்குன்னு அவளுக்கு யாரு சொல்லியிருப்பா?"