தனுஷ்கோடி மணல்பரப்பில் சுற்றுலா வாகனங்களைத் தடுக்கவும், கரைவலைத் தொழிலுக்கு வழிவிடவும் கோரும் மனு

அனுப்புநர்:
தனுஷ்கோடிக் கரைவலை மீனவர்கள், வேன் ஓட்டுநர்கள் சார்பில் சங்க நிர்வாகிகள்.

பெறுநர்:
1. மாவட்ட ஆட்சியர் அவர்கள், ராமநாதபுரம்.
2. வன உயிரினக் காப்பாளர் அவர்கள், மன்னார் வளைகுடா கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்கா, ராமநாதபுரம்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மா,

முகுந்தராயர் சத்திரத்திலிருந்து அரிச்சல்முனை வரை 9.5 கிலோமீட்டர் சாலை 2017 ஜூலையில் திறக்கப்பட்டது. அதற்கு முன் இந்த மணலில் வண்டி ஓட்டியவர்கள் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்களே. எங்கே சேறு, எங்கே இறுகிய மணல், மழைக்குப் பின் எந்தப் பக்கம் தண்ணீர் ஏறும் என்று தெரிந்து, பழகிய தடத்திலேயே யாத்ரீகர்களை வேனில் ஏற்றிப்போய் வந்தோம். இப்போது சாலையில் வருபவர்கள் சாலையோடு நிற்பதில்லை. ஜீப்புகளும் பெரிய டயர் போட்ட கார்களும் தென்கடல் அலையோரத்திலும், வடக்கே நீர் வற்றிய சேற்றுப் பரப்பிலும் வட்டமடிக்கின்றன. ரீல்ஸ் எடுப்பதற்கென்றே வருகிறவர்களும் உண்டு. வண்டி புதைந்தால் இழுத்துவிடக் கூப்பிடுவது எங்கள் பையன்களைத்தான். அதில் அவர்களுக்கு நாலு காசு கிடைக்கிறது என்பதையும் நாங்கள் மறைக்கவில்லை. அந்தக் காசு வேண்டாம் என்றுதான் இந்த மனு.

தை பிறந்ததும் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறத் தொடங்கும். ஆமை மணலில் விட்டுப்போன தடத்தை விடியற்காலையில் பார்த்துத்தான் முட்டைக் குழியைக் கண்டுபிடித்து, முட்டைகளை வனத்துறையினர் பொரிப்பகத்துக்கு எடுத்துப்போகிறார்கள். இரவில் ஒரு வண்டி ஓடினாலே அந்தத் தடம் அழிந்துவிடும். குழி இருக்கும் இடம் யாருக்கும் தெரியாது. கண்ணில் படாத குழியில் பொரிந்து வரும் குஞ்சுகள் டயர் பள்ளத்தில் விழுந்தால் மேலேற முடியாமல் பள்ளத்தோடே நடக்கும். விடிந்தால் காக்கையும் நாயும் பார்த்துக்கொள்ளும்.

மணல்மேடுகள் எங்களுக்குக் குடிதண்ணீர். இருபுறமும் கடல் இருக்க, கையால் தோண்டும் ஊற்றில் நல்ல தண்ணீர் வருவதற்குக் காரணம் மழைநீரை இந்த மணல் பிடித்து வைத்திருப்பதுதான். மணலைப் பிடித்து வைத்திருப்பவை அடப்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும். சக்கரம் ஏறி இவற்றின் வேர் அறுந்தால் மேட்டைக் காற்று கொண்டுபோய்விடும். 2019 கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை மணல்மேடுகளையும் ஆமை முட்டையிடும் இடங்களையும் மிக உயர்ந்த பாதுகாப்புப் பிரிவில் வைத்திருப்பதைத் தங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை.

2025 ஜூன் 5 அன்று தனுஷ்கோடியில் பூநாரைச் சரணாலயம் அறிவிக்கப்பட்டதை வரவேற்கிறோம். எங்கள் கவலை வேறு. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972, பிரிவு 27 சரணாலயத்துக்குள் நுழைவதைக் கட்டுப்படுத்துகிறது. உள்ளே அசையாச் சொத்தில் உரிமை உள்ளவர்களுக்கு விலக்கு தருகிறது. 1964 புயலுக்குப் பின் வாழத் தகுதியற்ற இடமாக அறிவிக்கப்பட்ட ஊரில் வாழும் எங்களில் பலரிடம் பட்டா கிடையாது. பொழுதுபோக்குக்கு வரும் ஜீப்பைத் தடுக்கப் போடும் உத்தரவு, கரைவலை இழுக்கப் போகிறவனையும் தடுத்துவிடக் கூடாது. கடற்பகுதியைச் சரணாலயத்தில் சேர்க்கும்போது உள்ளூர் மீனவரின் தொழில் நலனைக் காக்க வேண்டும் என்று அதே சட்டத்தின் 26-ஏ பிரிவு சொல்கிறது. கரைக்கும் அந்த நியாயம் பொருந்தும் என்பது எங்கள் கருத்து.

ஆகவே நாங்கள் வேண்டுவன:

1. சாலையிலிருந்து வாகனங்கள் மணலில் இறங்கும் இடங்களில் கல் தூண்கள் நட வேண்டும். சுவர் வேண்டாம், கடல் ஒரு பருவத்தில் அரித்துவிடும். தூண்களுக்கு இடையே ஆள் நடந்துபோக இடம் இருந்தால் போதும்.

2. கரைவலை போடும் இடங்களுக்கு மீன் ஏற்றும் வண்டி போகும் தடத்தை எங்களோடு நடந்து பார்த்துக் குறித்து, எழுத்துப்பூர்வ அனுமதியும் அடையாள அட்டையும் வழங்க வேண்டும். தடம் மாறி ஓட்டுபவர் எங்கள் ஆளானாலும் அட்டையைப் பறித்துக்கொள்ளலாம்.

3. ஜனவரி முதல் ஏப்ரல் வரை, சூரியன் மறைந்தது முதல் விடியும் வரை மணலில் எந்த வண்டியும் ஓடக் கூடாது. எங்கள் மீன் வண்டியும் இதில் அடக்கம். கரைவலைக்காரர்கள் இதைப் பேசித்தான் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள், எளிதாக அல்ல.

4. நெரிசல் நாட்களில் அரிச்சல்முனையில் நிறுத்த இடமில்லாமல்தான் பல கார்கள் மணலில் இறங்குகின்றன. அன்று வெளியூர் வாகனங்களை முகுந்தராயர் சத்திரத்திலேயே நிறுத்தி, சாலை வழியாக உள்ளூர் வேன்களில் பயணிகளை அனுப்பலாம். கட்டணத்தைத் தாங்களே நிர்ணயிக்கலாம். சாலை வந்ததால் தொழில் இழந்த ஓட்டுநர்களுக்கு இது பிழைப்பாகும்.

5. சாகச ஓட்டம், கார் அணிவகுப்பு என்று எந்தப் பெயரில் கேட்டாலும் இந்த மணலில் அனுமதி தரக் கூடாது.

6. சரணாலய மேலாண்மைத் திட்டத்தை முடிவு செய்யும் முன் அதன் வரைவைத் தமிழில் வெளியிட்டு, தனுஷ்கோடியில் உள்ள கம்பிபாட்டில் கூட்டம் நடத்திக் கருத்துக் கேட்க வேண்டும். வேலை நாளில் ராமநாதபுரம் வந்துபோனால் எங்களுக்கு ஒரு நாள் வலை போய்விடும்.

ஆமைப் பருவம் தொடங்கும் முன் வருவாய், வனம், காவல், மீன்வளத் துறை அலுவலர்கள் கூட்டாக நேரில் பார்வையிட நாள் குறித்துத் தெரிவிக்குமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். தடங்களைக் காட்ட எங்கள் ஆட்கள் உடன் வருவார்கள்.

இப்படிக்கு,
தலைவர், செயலாளர், பொருளாளர்
மற்றும் உறுப்பினர்கள்

நகல்: மாவட்டக் காவல் கண்காணிப்பாளர், ராமநாதபுரம்.