நேர்முகப் பரீட்சையும் நமது கோலமும்

கல்லூரிப் படிப்பை முடித்து உத்தியோகம் நாடிப் புறப்படும் இளைஞர் யாவரும் கடக்க வேண்டிய வாயில் நேர்முகப் பரீட்சையாகும். எழுத்துப் பரீட்சையிலே முகம் மறைந்திருக்கச் சுட்டெண் ஒன்றே பேசுகின்றது. நேர்முகப் பரீட்சையிலோ, வாய் திறக்குமுன்னரே உடையும் தோற்றமும் பேசிவிடுகின்றன. ‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்னும் முதுமொழியின் உண்மையை நம் மாணவர் அன்று நன்குணர்வர். ஆயினும், விலையுயர்ந்த உடையே அந்தப் பாதி என்று பலர் எண்ணி மயங்குகின்றனர். அம்மயக்கத்தை நீக்குதல் இன்றியமையாதது எனக் கருதுகின்றோம்.

தேர்வாளர் முன் தூய்மையாய்ச் செல்லுதல் அவர்க்கு நாம் காட்டும் மரியாதை. அதற்குப் பெரும்பொருள் வேண்டுவதில்லை. முடியைச் சில நாட்களுக்கு முன்னரே அளவாக வெட்டுவித்தல், நகம் களைதல், முகத்தைச் சீர்செய்தல், வெளிர்நிறச் சட்டையைத் தோய்த்து மினுக்கி வைத்தல், சப்பாத்தைத் துடைத்து மெருகிடல் ஆகியன எந்த ஏழைக் குடும்பத்தாலும் இயல்வனவே. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு ஏறக்குறைய 400 கிலோமீற்றர் தூரம். இரவு முழுதும் பேருந்திலே கசங்கிய உடையுடன் காலையிற் சபைமுன் நிற்பது தகாது. உடையைத் தனியே மடித்துக் கொண்டுசென்று, உறவினர் வீட்டிலோ விடுதியிலோ நீராடி மாற்றிக்கொள்ளல் வேண்டும். புதுச் சப்பாத்தை அன்றைக்கே முதன்முதல் அணிவோன் தன் காலையே நினைத்துக்கொண்டிருப்பான். வினாவிற் கருத்துச் செல்லாது.

இவ்வளவும் கடமை. இதற்கு மேற்செல்வது பெரும்பாலும் வேடம். தாயாரின் சங்கிலியை அடகுவைத்துக் கோட்டு வாங்குவதும், அண்ணன்மாரின் கோட்டை இரவல்வாங்கித் தோள் தொங்க அணிவதும், கழுத்துப்பட்டி இறுக வியர்த்து நிற்பதும் நமது வெப்பநாட்டிற்குப் பொருந்துவனவல்ல. இரவல் உடையில் இருப்பவன் தன் சொல்லையும் இரவல் வாங்கியவன்போலப் பேசுவதைக் கண்டிருக்கின்றோம். கோட்டு கட்டாயமென அறிவிக்கப்பட்ட இடத்தன்றி, அளவாகப் பொருந்திய காற்சட்டையும் சட்டையுமே போதும். பெண்பிள்ளைகட்கும், தாம் இலகுவாக நடக்கவும் இருக்கவும் பழகிய உடையே சிறந்தது.

இனி, நம்மைப் போன்ற இந்துக் கல்லூரியினர் சிந்திக்க வேண்டிய விடயம் ஒன்றுண்டு. வீட்டிலே திருநீறணிந்து புறப்படும் மாணவர் சிலர், நேர்முகப் பரீட்சை மண்டபத்தின் வாயிலிலே கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்துக்கொள்கின்றனர். அது எதற்கு? ஸ்ரீலஸ்ரீ ஆறுமுக நாவலர் பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பிலே துணைநின்ற காலத்தும் சைவராகவே வாழ்ந்தார். 1848 இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையையும் நிறுவினார். வேலைக்காகக் கொள்கையை அவர் மறைத்தாரல்லர். அளவாக, அழகாக அணிந்த திருநீறு எவர் கண்ணையும் உறுத்தாது. அதனை அழித்துப் பெற்ற உத்தியோகத்தில் நாள்தோறும் அழித்துக்கொண்டே இருத்தல் நேரிடும்.

உடையின் பொருட்டு மானத்தைக் காத்தவர் நம் சமயத்தவர் மாத்திரமல்லர். 1905 இல் அப்துல் காதர் என்னும் வழக்கறிஞர் துருக்கித்தொப்பியுடன் உயர்நீதிமன்றத்தில் தோன்றியபோது பிரதம நீதியரசர் மறுத்தனர். முஸ்லிம் மக்கள் ஒன்றுகூடிக் கிளர்ந்தமையால், அவ்வுரிமை பின்னர் வழங்கப்பட்டது. 1924 இல் எழுந்த யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸினரும் தேசிய உடையைப் போற்றினர்; அதன் முன்னோடியான ஹன்டி பேரின்பநாயகம் அவர்கள் பின்னர் கொக்குவில் இந்துக் கல்லூரியின் அதிபராய் விளங்கினார். 2019 இல் அரசாங்கப் பெண் உத்தியோகத்தர் சேலையே உடுத்தல் வேண்டுமென ஒரு சுற்றறிக்கை எழுந்தபோதும் கண்டனம் மூண்டது, அது நிலைக்கவில்லை. ஒழுங்கைக் கேட்பது நிறுவனத்தின் உரிமை. ஒருவர் தம்மைத் துறக்க வேண்டுமெனக் கேட்பது அவ்வுரிமையில் அடங்காது.

இந்நூலைப் படிக்கும் பழைய மாணவரிற் பலர் இன்று தேர்வுச் சபைகளிலே மேசைக்கு அப்பால் அமர்ந்திருப்பவர்கள். அவர்களிடம் எமக்கு ஒரு விண்ணப்பம் உண்டு. சட்டை பழையதா என்று நோக்காது, அது தோய்த்ததா என்று நோக்குங்கள். வன்னியிலிருந்தும் தீவகத்திலிருந்தும் வரும் பிள்ளையின் சப்பாத்திற் படிந்த தூசு அவன் வந்த வழியின் தூசு; சோம்பலின் அடையாளமன்று. நீங்களும் ஒருகாலத்தில் அவ்வழியே நடந்தவர்களல்லவா?

கல்லூரிக்கும் ஒரு வேலை உண்டு. உயர்தர வகுப்பை முடிக்கும் மாணவர்க்குப் பழைய மாணவர் சங்கம் ஆண்டுதோறும் ஒருநாள் மாதிரி நேர்முகப் பரீட்சை நடத்துதல் வேண்டும். மாணவர் வழக்கமான உடையிலேயே வந்து இருந்து, வினாக்கேட்டு, விடைசொல்லிப் பழகட்டும். நல்ல சட்டையில்லாதவர்க்கு அதனை ஓசைப்படாமல் உதவுவதும் சங்கத்திற்குப் பெரும் பாரமன்று. ஜூபிலி ஆண்டிலே கட்டடங்களுக்குக் கல் நாட்டுகின்றோம். நம் பிள்ளைகள் எச்சபையிலும் தூய உடையுடனும், துடைக்காத நெற்றியுடனும், நிமிர்ந்த தலையுடனும் அமர்வதற்கும் வழி செய்வோமாக.