அணையும் கட்டினான்... அடியும் போட்டான்!

"ஜப்பான்காரன் மட்டும் ஆளலேன்னா தைவான் இன்னிக்கு இப்படி இருக்குமா?" - சிப் கம்பெனிங்க பத்தி பேச்சு வந்தா ஆபீஸ் டீ டைம்ல கட்டாயம் விழுற டயலாக் இது. கொரியால போய்ச் சொன்னா அடிக்க வருவாங்க. ஆனா தைவான்லயே இப்படிச் சொல்றவங்க உண்டு!

காரணம் இல்லாம இல்லை மக்களே. 1895-லேர்ந்து 1945 வரைக்கும் 50 வருஷ ஆட்சி. 1908-லயே தீவோட வடக்கையும் தெற்கையும் ரயில் இணைச்சிடுச்சு. 1919-ல கட்டி முடிச்ச கவர்னர் ஜெனரல் ஆபீஸ்தான் இன்னிக்கு அதிபர் அலுவலகம். யோஇச்சி ஹத்தாங்கிற இஞ்சினியர் கட்டின வூஷாந்தோ அணை 1930-ல முடிஞ்சது. தெற்குச் சமவெளில சுமார் 1.5 லட்சம் ஹெக்டேருக்குப் பாசனத் திட்டம். அணைப் பக்கத்துலயே அவருக்குச் சிலை.

சரி, வெளைஞ்சது யாருக்கு? அரிசியும் சர்க்கரையும் கப்பல் ஏறி ஜப்பானுக்குப் போச்சு. கரும்பை அந்தந்த வட்டார ஆலைக்குத்தான் விக்கணும், விலையும் ஆலைதான் சொல்லும். 'கம்பெனி எடைக்குக் கரும்பு போடுறவன்தான் முதல் முட்டாள்'னு அங்க ஒரு பழமொழியே இருக்கு.

அணை முடிஞ்ச அதே 1930, அக்டோபர் 27. கட்டாய வேலையும் போலீஸ் அடியும் தாங்காம வூஷேல சீடிக் பழங்குடியினர் கெளம்பினாங்க. தலைவர் மோனா ருடாவ். 134 ஜப்பானியர் செத்தாங்க. பதிலுக்கு வந்தது ராணுவம், விமானம், பீரங்கி. எஞ்சினவங்களைச் சொந்த மண்ணைவிட்டே பெயர்த்து எடுத்தாங்க.

அப்புறமும் ஏன் இந்தப் பாசம்? 1945-க்கு அப்புறம் வந்த கோமிண்டாங் ஆட்சியோட ஒப்பிடுறாங்க. 1947 படுகொலை, 1949-லேர்ந்து 1987 வரை ராணுவச் சட்டம்... பின்னாடி வந்தவன் மோசம்ங்கிறதால முன்னாடி இருந்தவன் நல்லவன் ஆயிடுவானா?

அதுக்காகக் கட்டடத்தை இடிக்கணும்னு சொல்லலை. 2017-ல ஹத்தா சிலையோட தலையை வெட்டினாங்க, சில வாரத்துல ஒட்ட வெச்சுட்டாங்க. அது சரிதான். பழைய கோடு நல்லா ஓடுதுன்னா ஓடட்டும்; எதுக்காக எழுதினான்ங்கிற கமெண்ட்டை மட்டும் அழிக்காதீங்க.

தைவான் அதை அழிக்கலை. சிலையும் இருக்கு, 20 டாலர் காசுல மோனா ருடாவும் இருக்கார். ஜப்பான் புகழ் பாடுறவங்க அந்தக் காசையும் ஒரு தடவை திருப்பிப் பார்க்கட்டும்.